நிறம் மாறும் எல்.இ.டி சுற்று: அறிகுறியை வைத்துப் பிழையைக் கண்டறிதல்

நிறம் மாறும் எல்.இ.டி சுற்று எதிர்பார்த்தபடி எரியாதபோது, எல்லாக் கம்பிகளையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து மறுபடி பொருத்தத் தோன்றுவது இயல்பு. அதைச் செய்யாதீர்கள். பிடுங்கும்போது பிழையோடு சேர்ந்து அதன் தடயமும் போய்விடும். மறுபடி பொருத்தும்போது அதே தவறு அதே இடத்தில் வந்து உட்காருவதும் உண்டு. மற்ற பல சுற்றுகளுக்கு இல்லாத ஒரு வசதி இந்தச் சுற்றுக்கு இருக்கிறது: இதன் விளக்கே இதன் அளவுகருவி. எந்த நிறத்துக்குப் பின் எது வருகிறது, எது வராமல் போகிறது, எது விலகாமல் நிற்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால், மல்டிமீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பிழை எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எடுத்துக்கொண்ட சுற்று

இங்கே பேசப்படும் சுற்றில் இரண்டு லாஜிக் சிப்களும், மூன்று டிரான்சிஸ்டர்களும், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒன்றாக அடங்கிய, நான்கு கால்கள் கொண்ட ஓர் ஆர்.ஜி.பி எல்.இ.டியும் உள்ளன. மின்சாரம் 5 வோல்ட்.

முதல் சிப் 40106. அதற்குள் ஆறு ஷ்மிட் இன்வெர்ட்டர்கள் இருக்கின்றன; உள்ளீடு மேலே இருந்தால் வெளியீட்டைக் கீழேயும், கீழே இருந்தால் மேலேயும் வைப்பதே இன்வெர்ட்டரின் வேலை. முதலாவது இன்வெர்ட்டரின் வெளியீடான 2-ஆவது காலுக்கும் உள்ளீடான 1-ஆவது காலுக்கும் நடுவே 100 கிலோ ஓம் மின்தடை ஒன்றும், 1-ஆவது காலுக்கும் கிரவுண்டுக்கும் (மின்சாரத்தின் மைனஸ் பக்கம்) நடுவே 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றும் பொருத்தப்படுகின்றன. மின்தேக்கியின் பிளஸ் முனை 1-ஆவது காலின் பக்கம் இருக்க வேண்டும். இந்த மின்தேக்கி மாறி மாறி நிரம்பி வடிவதால் சுமார் 0.8 விநாடிக்கு ஒரு துடிப்பு பிறக்கிறது. 40106 எந்த மின்னழுத்தத்தில் நிலை மாறும் என்பது சிப்புக்குச் சிப் கணிசமாக வேறுபடும் என்பதால், உங்கள் துடிப்பு அரை விநாடியாகவோ ஒரு விநாடிக்குச் சற்று மேலாகவோ இருந்தால் அதைப் பிழையாகக் கொள்ள வேண்டாம். 2-ஆவது கால் 3-ஆவது காலோடு இணைகிறது. இரண்டாவது இன்வெர்ட்டரின் வெளியீடான 4-ஆவது கால் அடுத்த சிப்புக்குத் துடிப்பைக் கொண்டுபோகிறது.

இரண்டாவது சிப் 4024. இது ஏழு நிலைகள் கொண்ட கவுண்டர், அதாவது துடிப்புகளை எண்ணும் சிப். இதன் 1-ஆவது காலில் துடிப்பு மேலிருந்து கீழிறங்கும் ஒவ்வொரு முறையும் எண் ஒன்று கூடுகிறது. 12, 11, 9 ஆகிய கால்கள் முறையே முதல் மூன்று வெளியீடுகள். ஒவ்வொரு வெளியீடும் 10 கிலோ ஓம் மின்தடை வழியாக ஒரு பிசி547 டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகிறது (டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள் பேஸ், எமிட்டர், கலெக்டர்). மூன்று எமிட்டர்களும் கிரவுண்டில் இருக்கின்றன. கலெக்டர்கள் தனித்தனி மின்தடைகள் வழியாக எல்.இ.டியின் சிவப்பு, பச்சை, நீலக் கால்களைக் கீழே இழுக்கின்றன. சிவப்புக்கு 270 ஓம். பச்சைக்கும் நீலத்துக்கும் 180 ஓம். எல்.இ.டி பொது ஆனோடு வகையைச் சேர்ந்தது, அதாவது மூன்று நிறங்களின் பிளஸ் முனைகளும் ஒரே காலில் இருக்கின்றன. அதன் நீளமான கால் நேராக 5 வோல்ட்டில் இருக்கிறது.

இரண்டு சிப்களிலும் 14-ஆவது கால் பிளஸ், 7-ஆவது கால் கிரவுண்ட். ஒவ்வொரு சிப்பின் இவ்விரு கால்களுக்கும் குறுக்கே 104 என்று அச்சிட்ட 100 நானோ ஃபாரட் செராமிக் மின்தேக்கி ஒன்று இருக்க வேண்டும். 40106-இல் பயன்படாத உள்ளீடுகளான 5, 9, 11, 13 ஆகியவையும், 4024-இல் எண்ணைச் சுழியாக்கும் ரீசெட் காலான 2-உம் கிரவுண்டில் இருக்க வேண்டும்.

நிறவரிசையைப் படித்தல்

மூன்று வெளியீடுகளும் இருமக் கணக்கில் 0 முதல் 7 வரை எண்ணுகின்றன. முதல் வெளியீடு சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம் என்று இணைத்திருந்தால், சரியான வரிசை இதுதான்: இருள், சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம், மெஜந்தா, சயான், வெள்ளை, பிறகு மறுபடி இருள். சிவப்பும் நீலமும் சேர்ந்த நிறத்தை மெஜந்தா என்றும், பச்சையும் நீலமும் சேர்ந்ததைச் சயான் என்றும் குறிப்பிடுகிறேன். விளக்கின் மேல் ஒரு வெள்ளைத் தாளையோ பஞ்சையோ வைத்துப் பார்த்தால் நிறங்கள் நன்றாகக் கலந்து தெரியும்; நேராகப் பார்த்தால் மஞ்சள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியும் ஒரு பச்சைப் புள்ளியும் தனித்தனியே தெரிந்து குழப்பும்.

மின்சாரம் கொடுத்தவுடன் எந்த நிறத்தில் தொடங்குகிறது என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். இந்தச் சுற்றில் தொடக்க எண்ணைச் சுழியாக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. ஆகவே அது எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். குறைந்தது பதினாறு துடிப்புகளை, அதாவது இரண்டு முழுச் சுற்றுகளை, எழுதிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எதுவுமே எரியவில்லை

இருள் என்பது சுழி என்ற எண்ணும்கூட. ஆகவே விளக்கு எரியாமல் இருப்பதற்கு இரண்டு வேறு பொருள்கள் உண்டு: விளக்குக்கு எரியும் வழியே இல்லை, அல்லது கவுண்டர் சுழியிலேயே பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இவற்றைப் பிரிக்க ஒரு கம்பித்துண்டு போதும். சிவப்புக்குரிய டிரான்சிஸ்டரின் கலெக்டரைக் கிரவுண்டோடு கம்பியால் தொடுங்கள். சிவப்பு எரிந்தால் எல்.இ.டியும் அதன் மின்தடையும் பிளஸ் இணைப்பும் சரி.

எரியாவிட்டால், உங்கள் கையில் இருப்பது மைனஸ் முனைகள் ஒன்றாக இருக்கும் பொது கேத்தோடு வகையாக இருக்கலாம். இரண்டு வகையும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். நீளமான கால் பொதுக்கால் என்பது மட்டும்தான் தெரியும், அது ஆனோடா கேத்தோடா என்பது தெரியாது. 5 வோல்ட்டிலிருந்து 330 ஓம் மின்தடை வழியாக ஒரு கம்பியை எடுத்து நீளமான காலைத் தொட்டு, மற்றக் கால்களை ஒவ்வொன்றாகக் கிரவுண்டில் வைத்துப் பாருங்கள். பிறகு திசையை மாற்றிப் பாருங்கள். மல்டிமீட்டரின் டயோடு நிலையை இதற்கு நம்ப வேண்டாம். சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட்டை ஒட்டித் தேவைப்படுகிறது. பல மீட்டர்கள் டயோடு நிலையில் அவ்வளவு கொடுப்பதில்லை என்பதால் நல்ல நீல விளக்கும் செத்ததுபோலத் தெரியும்.

கலெக்டரைத் தொட்டபோது சிவப்பு எரிந்தது, ஆனால் சுற்று தானாக ஓடவில்லை என்றால், 4024-இன் 2-ஆவது காலை அளந்து பாருங்கள். அது கிரவுண்டில் இல்லாமல் 5 வோல்ட் பக்கம் இருந்தால் கவுண்டர் ஒருபோதும் எண்ணாது. அதன் பின் 14-ஆவது காலை அளக்க வேண்டும். அளக்கும் முனையை, சுற்றைப் பொருத்தியிருக்கும் துளைப்பலகையான பிரெட்போர்டின் துளையில் வைக்காமல், சிப்பின் உலோகக் காலிலேயே வையுங்கள். கால் மடங்கிச் சிப்பின் அடியில் போய்விட்டிருந்தாலும் துளையில் 5 வோல்ட் இருக்கத்தான் செய்யும்.

பிரெட்போர்டைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். நீளமான பலகைகள் பலவற்றில் ஓரத்து மின்வரிசைகள் நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். சிவப்புக் கோடும் நீலக் கோடும் அந்த இடத்தில் விட்டுப்போயிருப்பதுதான் அடையாளம். சில பலகைகளில் அந்த இடைவெளியைக்கூட அச்சிடுவதில்லை. என் முதல் சுற்றில் 40106 பலகையின் இடது பாதியிலும் 4024 வலது பாதியிலும் இருந்தன. இடது பக்கம் துடிப்பு ஒழுங்காக வந்துகொண்டிருக்க, வலது பக்கத்துக்கு மின்சாரமே போகவில்லை என்பதை அறிய எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. விளக்கு அடியோடு எரியாமல் இருந்திருந்தால் விரைவில் கண்டுபிடித்திருப்பேன். அது அவ்வப்போது மினுக்கியதுதான் என்னை ஏமாற்றியது. அதன் காரணம் அடுத்து வருகிறது.

அறிகுறி: துடிப்புக்குத் துடிப்பு ஒழுங்கின்றி மினுக்கி அணைகிறது

துடிப்பின் ஒரு பாதியில் ஏதோ ஒரு நிறம் மங்கலாகத் தெரிந்து, மறு பாதியில் இருண்டு, அடுத்த முறை வேறொரு நிறம் வருகிறது, வரிசை என்று எதுவும் இல்லை என்றால், 4024-இன் 14-ஆவது காலுக்கு மின்சாரம் வரவில்லை என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். மின்சாரம் இல்லாமல் எப்படி எரிகிறது என்ற கேள்வி நியாயமானது. இவ்வகைச் சிப்களின் ஒவ்வோர் உள்ளீட்டிலிருந்தும் பிளஸ் காலுக்கு ஒரு பாதுகாப்பு டயோடு சிப்புக்குள்ளேயே இருக்கிறது. துடிப்பு மேலே இருக்கும் நேரத்தில், 1-ஆவது காலில் வரும் 5 வோல்ட் அந்த டயோடு வழியாகப் புறவாசலில் நுழைந்து சிப்பை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. துடிப்பு கீழே போனதும் சிப் மறுபடி அணைந்து தன் எண்ணை மறந்துவிடுகிறது. 14-ஆவது காலை அளந்தால், நிலையான 5 வோல்ட்டுக்குப் பதிலாக, துடிப்போடு ஏறி இறங்கும் குறைந்த மின்னழுத்தம் ஒன்று தெரியும். அங்கே கம்பியைச் சரிசெய்வதோடு வேலை முடிந்தது.

அறிகுறி: ஒரே நிறத்தில் நின்றுவிட்டது

எட்டில் ஏதாவது ஒரு நிறம் தெளிவாகவும் முழு வெளிச்சத்தோடும் அசையாமல் நிற்கிறது என்றால், கவுண்டர் தன் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த துடிப்புக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். கவுண்டரையும் விளக்கையும் விட்டுவிட்டு 40106 பக்கம் போங்கள். மீட்டரை நேர்மின்னழுத்த நிலையில் வைத்து, 2-ஆவது காலையும் 1-ஆவது காலையும் அளந்து பாருங்கள்.

2-ஆவது கால் துடிப்போடு 0-க்கும் 5-க்கும் மாறி மாறிப் போனால் துடிப்பு பிறக்கிறது. வழியில் எங்கோ தொலைகிறது. 3, 4 ஆகிய கால்களையும், பிறகு 4024-இன் 1-ஆவது காலையும் வரிசையாகத் தொட்டுப் பாருங்கள். மாற்றம் எந்தக் காலில் நிற்கிறதோ அதற்கு முந்திய கம்பிதான் குற்றவாளி.

2-ஆவது கால் 5 வோல்ட்டிலேயே நின்று, 1-ஆவது கால் சுழியில் இருந்தால், மின்தேக்கி நிரம்பவில்லை. 100 கிலோ ஓம் மின்தடையின் ஒரு முனை பக்கத்துத் துளையில் இருக்கலாம், அல்லது 1-ஆவது கால் நேராகக் கிரவுண்டில் பட்டிருக்கலாம்.

2-ஆவது கால் சுழியிலேயே நின்றால், உள்ளீட்டை ஏதோ ஒன்று மேலேயே பிடித்து வைத்திருக்கிறது. மின்தடை 2-ஆவது காலுக்குப் பதிலாகப் பிளஸ் வரிசையில் குத்தப்பட்டிருந்தால் இப்படி ஆகும். அது சரியாக இருந்தால், சிப்பின் மேலுள்ள எழுத்தை உருப்பெருக்கியால் படித்துப் பாருங்கள். கால் அமைப்பு அச்சாக ஒன்றே என்பதால் 40106-க்குப் பதிலாக 74எல்எஸ்14 சிப்பைப் பொருத்திவிடுவது அடிக்கடி நிகழ்கிறது. அந்த வகையின் உள்ளீடுகள் தாமே மின்னோட்டத்தை வெளியே தள்ளுபவை. 100 கிலோ ஓம் வழியாக அதைக் கீழே இழுக்க முடியாது. 74எல்எஸ்14-ஐத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால் மின்தடையைச் சில நூறு ஓமுக்குக் குறைத்து, அதற்கேற்ப மின்தேக்கியைப் பெருக்க வேண்டும். அந்த வழியை நான் விரும்புவதில்லை. சிப்பை மாற்றுவதே மேல்.

இரண்டு கால்களுமே 2.5 வோல்ட்டை ஒட்டி நின்றால், அது ஷ்மிட் வகையே அல்லாத 4069 போன்ற சாதாரண இன்வெர்ட்டராக இருக்கலாம். ஷ்மிட் இன்வெர்ட்டர் மேலேறும்போது ஒரு மின்னழுத்தத்திலும் கீழிறங்கும்போது வேறொன்றிலும் நிலை மாறும். 40106-இல் 5 வோல்ட்டுக்கு இவை பொதுவாக 2.9, 1.9 என்று இருக்கும். அந்த இடைவெளிதான் மின்தேக்கியை ஊசலாட வைக்கிறது. இடைவெளி இல்லாத சாதாரண இன்வெர்ட்டர் நடுவில் சமநிலை கண்டு அப்படியே அமர்ந்துவிடும். இதற்கும் கால் அமைப்பு ஒன்றே என்பதால் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.

மிக வேகமாக ஊசலாடும் சுற்றும் மீட்டரில் 2.5 வோல்ட்டாகவே தெரியும், ஏனென்றால் மீட்டர் சராசரியைத்தான் காட்டுகிறது. இங்கேதான் விளக்கு மீட்டரை மிஞ்சுகிறது: ஊசலாட்டம் நின்றிருந்தால் ஏதாவது ஒரு நிறம் நிலையாக நிற்கும், வேகமாக ஓடினால் மங்கிய வெள்ளை தெரியும்.

அறிகுறி: எப்போதும் மங்கிய வெள்ளை

மூன்று நிறங்களும் ஒவ்வொன்றும் பாதி நேரம் எரிவதால், கண்ணால் தொடர முடியாத வேகத்தில் சுற்று ஓடும்போது வெளிச்சம் குறைந்த வெள்ளையாகத் தெரிகிறது. விளக்கணைத்த அறையில் பிரெட்போர்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கம்பிகள் கழலாதபடி, இடமும் வலமுமாக வேகமாக அசைத்துப் பாருங்கள். வெள்ளைக் கோடு உடைந்து, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று மணிகள் கோத்ததுபோல வரிசையாகத் தெரிந்தால் கவுண்டரும் விளக்கும் ஒரு குறையும் இன்றி வேலை செய்கின்றன. துடிப்பு மட்டும் பல நூறு மடங்கு வேகமாக இருக்கிறது. 10 மைக்ரோ ஃபாரட் இருக்க வேண்டிய இடத்தில் 103 என்று அச்சிட்ட 10 நானோ ஃபாரட் மின்தேக்கி இருந்தால் இப்படித்தான் இருக்கும். 104 இருந்தால் வெள்ளைக்குப் பதிலாகக் கண்ணை உறுத்தும் பலநிற நடுக்கம் தெரியும். 100 கிலோ ஓமுக்குப் பதிலாக 100 ஓம் மின்தடை வைத்திருந்தாலும் விளைவு இதுவே. இரண்டிலும் முதல் இரு வளையங்கள் பழுப்பும் கறுப்புமாகவே இருக்கும். மூன்றாவது வளையம் 100 கிலோ ஓமுக்கு மஞ்சள், 100 ஓமுக்குப் பழுப்பு.

அசைத்தும் கோடு உடையாமல் ஒரே வெள்ளையாக இழுபட்டால், மின்தேக்கி இணைப்பிலேயே இல்லை. பலகையின் கம்பிகளில் இயல்பாக இருக்கும் மிகச் சிறிய மின்தேக்கத்தைக் கொண்டே 40106 ஓடிக்கொண்டிருக்கிறது. மின்தேக்கியின் கிரவுண்ட் முனையைப் பாருங்கள். பெரும்பாலும் அது ஒரு துளை தள்ளி இருக்கும்.

அறிகுறி: ஒரு நிறம் மட்டும் வருவதே இல்லை

எழுதிவைத்த வரிசை இங்கே நேராகவே பெயர் சொல்லிவிடும். இருள், சிவப்பு, இருள், சிவப்பு, நீலம், மெஜந்தா, நீலம், மெஜந்தா என்று வந்தால் பச்சை இல்லை. இருள், இருள், பச்சை, பச்சை, நீலம், நீலம், சயான், சயான் என்று ஒவ்வொன்றும் இருமுறை நின்றால் சிவப்பு இல்லை. இதைத் துடிப்பு மெதுவாகிவிட்டது என்று தவறாக எண்ணி மின்தேக்கியை மாற்றுபவர்கள் உண்டு.

விடுபட்ட நிறத்தின் பாதையை விளக்கிலிருந்து பின்னோக்கிச் சோதியுங்கள். முதலில் அதன் கலெக்டரைக் கிரவுண்டில் தொடுங்கள், எரியாவிட்டால் எல்.இ.டியின் அந்தக் காலோ மின்தடையோ பிழை. எரிந்தால், அதன் 10 கிலோ ஓம் மின்தடையின் கவுண்டர் பக்க முனையைக் கவுண்டரிலிருந்து கழற்றி 5 வோல்ட்டில் வையுங்கள். இப்போது எரிந்தால் டிரான்சிஸ்டர் சரி, கவுண்டரிலிருந்து வரும் கம்பியோ அந்தக் கால் எண்ணோ தவறு. 4024-இல் 8, 10, 13 ஆகிய கால்கள் உள்ளே எதனோடும் இணைக்கப்படாதவை. 9 என்று எண்ணிக்கொண்டு 10-இல் குத்துவதும், 12-க்குப் பதிலாக 13-இல் குத்துவதும் எளிதில் நேரக்கூடிய தவறுகள்.

எரிகிறது, ஆனால் மற்றவற்றைவிடத் தெளிவாக மங்கலாக எரிகிறது என்றால் டிரான்சிஸ்டர் திருப்பிப் பொருத்தப்பட்டிருக்கலாம். பிசி547-இன் தட்டையான முகம் உங்களைப் பார்த்தபடி, கால்கள் கீழே இருக்குமாறு பிடித்தால் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-இல் அதே பிடியில் எமிட்டர், பேஸ், கலெக்டர். 2222 என்ற எண்ணைத் தாங்கிய பிளாஸ்டிக் டிரான்சிஸ்டர்களிலோ இரண்டு அமைப்புகளும் உண்டு. முன்னொட்டு எழுத்துகளைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். திருப்பிப் போட்ட டிரான்சிஸ்டர் அடியோடு செத்துவிடுவதில்லை; பெருக்கம் வெகுவாகக் குறைந்து அரைகுறையாக வேலை செய்யும். அதனால்தான் இந்தத் தவறு நீண்ட நாள் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கிறது.

மூன்று நிறங்களுமே மங்கல், அதிலும் நீலம் கண்ணுக்கே எட்டவில்லை என்றால், டிரான்சிஸ்டரைத் தவிர்த்து எல்.இ.டியை நேராக 4024-இன் கால்களில் இணைத்திருப்பீர்கள். 4000 வரிசைச் சிப்கள் 5 வோல்ட்டில் ஓரிரு மில்லி ஆம்பியருக்கு மேல் கொடுக்கத் திணறும். டிரான்சிஸ்டர்கள் இந்தச் சுற்றில் இருப்பது அதற்காகத்தான்.

அறிகுறி: எல்லா நிறங்களும் வருகின்றன, வரிசைதான் மாறுகிறது

இருள், பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், சயான், மெஜந்தா, வெள்ளை என்று வந்தால் சிவப்பும் பச்சையும் இடம் மாறியிருக்கின்றன. இருள், சிவப்பு, நீலம், மெஜந்தா, பச்சை, மஞ்சள், சயான், வெள்ளை என்றால் பச்சையும் நீலமும். எல்.இ.டியின் கால் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், படத்தைப் பார்த்துப் பொருத்துவதைவிட ஒவ்வொரு காலையும் தனியே எரியவைத்துப் பார்த்துப் பொருத்துவதே நல்லது. இடம் மாறினால் சிவப்பின் மின்தடையும் தவறான நிறத்துக்குப் போய்விடும் என்பதைக் கவனியுங்கள்.

வெள்ளை, சயான், மெஜந்தா, நீலம், மஞ்சள், பச்சை, சிவப்பு, இருள் என்று முழு வரிசையும் தலைகீழாக வந்தால், பொது ஆனோடு எல்.இ.டியின் கால்களை டிரான்சிஸ்டர் இல்லாமல் நேராகக் கவுண்டரோடு இணைத்திருக்கிறீர்கள். அப்படி இணைத்தால் வெளியீடு கீழே இருக்கும்போதுதான் விளக்கு எரியும்.

வெள்ளை சற்றே பச்சையாகத் தெரிவது வரிசைப் பிழை அல்ல. நம் கண் பச்சை ஒளியை அதிகமாக உணர்கிறது. பச்சையின் மின்தடையை 180-லிருந்து 330 அல்லது 470 ஓமுக்கு உயர்த்தினால் வெள்ளை சீராகும்.

அறிகுறி: மஞ்சளும் மெஜந்தாவும் வர வேண்டிய இடத்தில் வெறும் சிவப்பு

எனக்கு மிகவும் பிடித்த பிழை இது, ஏனென்றால் எந்தச் சிப்பிலும் எந்தக் கம்பியிலும் குறை இல்லாமலேயே இது வரும். வரிசை இருள், சிவப்பு, பச்சை, சிவப்பு, நீலம், சிவப்பு, சயான், சிவப்பு என்று இருக்கும். தனித்தனியாக எரிய வைத்தால் மூன்று நிறங்களும் நன்றாக எரியும்; சிவப்போடு சேர்த்தால் மட்டும் மற்ற இரண்டும் அணைந்துவிடும்.

மூன்று மின்தடைகளுக்குப் பதிலாக நீளமான பொதுக்காலில் ஒரே ஒரு மின்தடையை வைத்ததன் விளைவு அது. சிவப்புக்கு 2 வோல்ட் போதும் என்பதால், அது எரியும் வேளையில் பொதுக்காலின் மின்னழுத்தத்தை அந்த அளவுக்குக் கீழே இறக்கிவிடுகிறது. பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் வேண்டும். அது கிடைக்காததால் அவை அணைகின்றன. பச்சையும் நீலமும் ஏறத்தாழ ஒரே மின்னழுத்தத்தில் எரிவதால் சயான் மட்டும் பிழைத்துக்கொள்கிறது. ஒரு மின்தடையை மிச்சப்படுத்தும் எண்ணத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு நிறத்துக்கும் தனி மின்தடை வையுங்கள்.

அறிகுறி: கையை அருகே கொண்டுபோனால் நிறம் தாவுகிறது

எங்கோ ஓர் உள்ளீடு எதனோடும் இணையாமல் மிதக்கிறது. இவ்வகைச் சிப்களின் உள்ளீடு ஏறத்தாழ மின்னோட்டமே எடுப்பதில்லை என்பதால், கையிலிருந்தும் சுவரிலுள்ள மின்கம்பியிலிருந்தும் வரும் சிறு அதிர்வே அதை மேலும் கீழும் தள்ளப் போதும். முதலில் 4024-இன் 2-ஆவது காலைப் பாருங்கள். அது மிதந்தால் எண்ணும் நடுவிலேயே திடீரென்று இருளுக்குத் திரும்பும். வெள்ளை வருவதற்கு முன்பே, வெவ்வேறு இடங்களில், இருள் வந்துபோனால் சந்தேகம் அங்கேதான். 1-ஆவது காலின் கம்பி கழன்றிருந்தால் நிறங்கள் கண்டபடி ஓடும்.

கை படாமலேயே நிறம் ஒன்றிரண்டு விடுபட்டுத் தாவினால், 100 நானோ ஃபாரட் மின்தேக்கிகள் சிப்களுக்கு அருகே இருக்கின்றனவா என்று பாருங்கள். பலகையின் மறுமுனையில் இருப்பது போதாது. மின்வரிசையில் 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் சேர்க்கலாம்.

ஓர் எச்சரிக்கை: கம்பியைக் கையால் தொட்டுத் தொட்டுத் துடிப்பு கொடுத்துச் சோதித்தால், ஒரு தொடுதலுக்கு எண் இரண்டு மூன்று ஏறும். உலோகம் உலோகத்தைத் தொடும்போது சில மில்லி விநாடிகளுக்குத் துள்ளுவதால் அப்படி ஆகிறது. கவுண்டர் ஒவ்வொரு துள்ளலையும் நேர்மையாக எண்ணிவிடுகிறது. அதை வைத்துக் கவுண்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

அறிகுறி: சிப் சுடுகிறது

உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள், அளப்பதெல்லாம் பிறகு. இந்தச் சுற்றில் சிப்கள் அறையின் வெப்பத்திலேயே இருக்க வேண்டும். சிப் திரும்பிப் பொருத்தப்பட்டிருப்பதே முதல் காரணம்: பிறைபோன்ற வெட்டு இடப்பக்கம் இருக்குமாறு வைத்தால் 1-ஆவது கால் இடது கீழ் மூலையில் இருக்க வேண்டும். இரண்டாவது காரணம், பயன்படாத உள்ளீடுகளைக் கிரவுண்டில் வைக்கும்போது பக்கத்திலுள்ள வெளியீடுகளையும் சேர்த்து வைத்துவிடுவது. உள்ளீடு கிரவுண்டில் இருந்தால் அந்த இன்வெர்ட்டரின் வெளியீடு 5 வோல்ட்டுக்குப் போக முயலும். அதையும் கிரவுண்டில் கட்டினால் சிப் தனக்குத்தானே குறுக்குச்சுற்று ஆகிறது. 40106 இதை 5 வோல்ட்டில் ஓரளவு தாங்கும். அதன் இடத்தில் 74ஹெச்சி14 இருந்தால் விரைவில் சூடேறும். 6, 8, 10, 12 ஆகியவை வெளியீடுகள். அவற்றை எதனோடும் இணைக்காமல் விட வேண்டும். 74ஹெச்சி14-க்கு 6 வோல்ட்டுக்கு மேல் ஆகாது என்பதால், 9 வோல்ட் பேட்டரியில் அதை மாட்டியிருந்தால் சிப் இனி உதவாது.

அறிகுறி: சில நாளில் விளக்கு சிவந்துவிடுகிறது

மூன்று 1.5 வோல்ட் செல்களில் ஓடும் சுற்றில் முதல் நாள் எல்லா நிறங்களும் வரும். நாளாக ஆக நீலமும் பச்சையும் மங்கி, கடைசியில் சிவப்பு மட்டும் விட்டு விட்டு எரியும். செல்கள் இறங்கி மொத்த மின்னழுத்தம் 3 வோல்ட்டை நெருங்கிவிட்டது என்பதே பொருள். சிப்கள் 3 வோல்ட்டிலும் எண்ணிக்கொண்டே இருக்கும் என்பதால் பிழை விளக்கில் இருப்பதுபோலத் தோன்றும்.

பவர் பேங்க்கில் மாட்டியிருந்து சிறிது நேரத்தில் எல்லாமே ஒரேயடியாக அணைந்தால், அதற்கும் சுற்றுக்கும் தொடர்பில்லை. இந்தச் சுற்று முப்பது மில்லி ஆம்பியர் அளவே எடுக்கிறது. எதுவும் மாட்டப்படவில்லை என்று கருதிப் பல பவர் பேங்க்குகள் தாமாகவே அணைந்துவிடுகின்றன.

அறிகுறி: மெதுவாக்க முயன்றதும் நின்றுவிட்டது

நிறம் மெதுவாக மாற வேண்டும் என்று 100 கிலோ ஓமை எடுத்துவிட்டு 1 மெகா ஓமையோ அதற்கு மேலோ வைத்தபோது சுற்று நின்றுவிட்டால், மின்தேக்கி கசிகிறது. மின்னாற்பகுப்பு வகை மின்தேக்கிகள் எல்லாமே சிறிது கசியும். பழையதாகவோ பிளஸ் மைனஸ் மாறியோ இருந்தால் அதிகம் கசியும். மின்தடை பெரிதாகும்போது, வரும் மின்னோட்டமெல்லாம் கசிவிலேயே போய், மின்தேக்கி நிலை மாறும் அளவுக்கு ஏறுவதே இல்லை. மின்தடையைத் தொடாமல், கவுண்டரின் அடுத்த வெளியீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 12, 11, 9 என்பதற்குப் பதிலாக 11, 9, 6 ஆகிய கால்களிலிருந்து எடுத்தால் வேகம் பாதியாகும். 9, 6, 5 என்றால் கால்வாசியாகும். 4024-இல் ஏழு வெளியீடுகள் இருக்க மூன்றைத்தான் பயன்படுத்துகிறோம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அறிகுறி: சுற்றுக்கு ஒருமுறை முழு இருள்

பிழை அல்ல, சுழி என்ற எண். ஆனாலும் விளக்கு அணைந்து எழுவது பலருக்குப் பிடிப்பதில்லை. 40106-இல் சும்மா இருக்கும் மூன்றாவது இன்வெர்ட்டரைக் கொண்டு இதை நிரப்பலாம். அதன் உள்ளீடான 5-ஆவது காலைக் கிரவுண்டிலிருந்து கழற்றி, 100 கிலோ ஓம் மின்தடை வழியாக மட்டும் கிரவுண்டில் இணையுங்கள். கவுண்டரின் மூன்று வெளியீடுகளிலிருந்தும் மூன்று 1என்4148 டயோடுகளை, கறுப்புக் கோடுள்ள முனை 5-ஆவது காலின் பக்கம் இருக்குமாறு, அதே இடத்தில் சேருங்கள். மூன்றும் சுழியாக இருக்கும்போது மட்டும் 6-ஆவது கால் மேலே போகும். அதை ஒரு 10 கிலோ ஓம் மின்தடை வழியாக நீல டிரான்சிஸ்டரின் பேஸில், ஏற்கெனவே உள்ள மின்தடையோடு கூடுதலாக, இணைத்தால் இருள் இருந்த இடத்தில் நீலம் வரும். இதைச் செய்த பின் வரிசை கெட்டால், டயோடுகளில் ஒன்று திரும்பியிருக்கிறதா என்றும், 5-ஆவது காலின் பழைய கிரவுண்ட் கம்பி அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கம்பியை விட்டுவிட்டால் 6-ஆவது கால் எப்போதும் மேலேயே இருந்து நீலத்தை அணையவிடாது. டயோடுகள் வழியாகக் கவுண்டரின் வெளியீடுகளும் கீழே இழுக்கப்படுவதால், தெளிவாக எரிவது நீலம் மட்டுமாகவே இருக்கும்.